பனி மண்டையில் இறங்குமா?

தங்கை மகள் தை பிறந்த நான்காம் நாள் கனடாவின் வின்னிபெக்குக்குக் கிளம்பினாள். நான் அந்த ஊருக்குப் போனதும் இதே தை மாதத்தில்தான், 2011இல். இந்த முறை விடுப்பில் சென்னை வந்திருந்தேன். தாம்பரம் சானடோரியம் வீட்டின் கூடத்தில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. அம்மா மூன்றாவது முறையாக மங்கி குல்லாவை எடுத்து உள்ளே வைத்தார்.

"காதை மூடிக்கொள்ளடி. பனி மண்டையில் இறங்கினால் மூளைக்கு ஆகாது."

எனக்கும் அன்று இதையே சொல்லித்தான் அனுப்பினார். மார்கழியில் வெப்பநிலை 20 டிகிரிக்கு இறங்கினாலே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற குடும்பம் எங்களுடையது.

குல்லாவுக்குப் பக்கத்தில் நீல நிற இன்ஹேலர் ஒன்று இருந்தது. குழந்தையிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு. எனக்கும் இருந்தது, 14 வயதோடு போய்விட்டது என்று நம்பியிருந்தேன். அந்த இன்ஹேலரைப் பார்த்ததும் மனது கேட்கவில்லை. எனக்கு யாரும் சொல்லாமல் விட்டதையெல்லாம் அன்று மாலை அவளிடம் சொன்னேன். அங்கே போகப்போகும் பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளின் சராசரியே மைனஸ் 20ஐ ஒட்டித்தான் இருக்கும். மைனஸ் 30 என்பது அங்கே யாரும் வியந்து பேசுகிற எண் இல்லை. விமான நிலையத்தின் கதவு திறந்து முதல் மூச்சை இழுத்தபோது எனக்குக் குளிர் தெரியவில்லை. மூக்குக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டது. மூக்கு முடிகளில் இருந்த ஈரம் உறைந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. மூச்சை விட்டால் இளகியது, இழுத்தால் மறுபடி ஒட்டியது. வியப்பாகத்தான் இருந்தது. பயம் எட்டாம் நாள் வந்தது.

அன்று காலை நிறுத்தத்தை நெருங்கும்போதே பஸ் புறப்பட்டுவிட்டது. சிவப்பு விளக்கில் நிற்கும், அடுத்த நிறுத்தத்தில் பிடித்துவிடலாம் என்று ஓடினேன். கனமான பூட்ஸ், முழங்கால் வரை கோட்டு, வாயைத் திறந்துகொண்டு இரைக்க இரைக்க ஓட்டம். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, நெஞ்சைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிக் கட்டியது போல இறுகியது. தொண்டையில் இரும்பைச் சப்பியது போன்ற சுவை. மூச்சை இழுக்க முடிந்தது, முழுதாக வெளியே விட முடியவில்லை. விட முயன்றபோதெல்லாம் சிறுவயதில் இரவில் கேட்ட அதே விசில் சத்தம். நுரையீரல் உறைந்துவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு முதியவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லிப் பரிசோதித்த மருத்துவர், முதலில் அந்தப் பயத்தைத்தான் போக்கினார். நுரையீரல் உறையாது. வெளியே மைனஸ் 30 இருந்தாலும், காற்று நுண்ணறைகளைப் போய்ச் சேர்வதற்குள் உடம்பின் 37 டிகிரிக்கு வந்துவிடும். அந்த வேலையில் பெரும்பகுதியை மூக்கு செய்கிறது. மூக்கினுள்ளே சுருண்டு மடங்கிய எலும்புகள், அவற்றின் மேல் இரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடும் ஈரச் சவ்வு. காற்று அந்த மடிப்புகளில் உரசிக்கொண்டு போகும்போதே சூடும் ஈரமும் ஏறிவிடுகின்றன. மூச்சை வெளியே விடும்போது அந்த ஈரத்தில் கொஞ்சத்தை மூக்கே திரும்பப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பனியில் நிற்கும்போது சளி பிடிக்காமலே மூக்கு ஒழுகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது ஈரத்தைப் பற்றிய கணக்குதான். குளிரைவிட வறட்சியே மூச்சுக்குழாயை அதிகம் வருத்துகிறது. உடம்புச் சூட்டில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் 44 கிராம் நீராவி இருக்கும். சென்னையின் மார்கழிக் காற்றில்கூட 20 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். மைனஸ் 25இல் காற்று எவ்வளவு நிறைந்திருந்தாலும் ஏறக்குறைய அரை கிராம்தான். மீதி 43 கிராமுக்கு மேல் நம் உடம்புதான் தர வேண்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றுதான் உள்ளே போகிறது, மூக்கு சமாளித்துவிடும். ஓடும்போது அது பத்து மடங்காகலாம். அதையும் வாய் வழியாக இழுத்தால் மூக்கின் உதவியே இல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் ஆவியாகி உப்புச்செறிவு கூடுகிறது. அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளியிட, குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. என் நெஞ்சில் முறுக்கிய ஈரத்துணி அதுதான். ஆண்டுக்கணக்காகப் பனிச்சறுக்கில் பயிற்சி பெறும் வீரர்களுக்கே இந்த இளைப்பு நிறைய வருகிறது என்று அவர் சொன்னபோது, சென்னையில் பிறந்ததால் என் நுரையீரலில் ஏதோ குறை என்று எட்டு நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்த எண்ணம் விலகியது.

ஆகவே தங்கை மகளுக்கு நான் சொன்னவை மிகச் சாதாரணமானவை. வெளியே வாயைத் திறக்காதே. மப்ளரை மூக்குக்கு மேல் கட்டு. விடுகிற மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி அடுத்த மூச்சுக்கு உதவும். பஸ் போனால் போகட்டும். நடக்கப்போகும் நாளில் எவ்வளவு நேரம் முன்பு இன்ஹேலர் எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள். எனக்குச் சொன்னது 15 நிமிடம். அந்த இன்ஹேலரைக் கைப்பையில் போடாதே. கடுங்குளிரில் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் குறைந்து, அழுத்தினாலும் மருந்து சரியாக வராது. உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் அம்மா எழுந்து போய்த் தையல் பெட்டியை எடுத்துவந்தார். பழைய காட்டன் புடவைத் தலைப்பில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, பேத்தியின் கோட்டுக்கு உள்பக்கம் இடது மார்பருகே வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஊசி கோர்த்தார். இன்ஹேலரை உள்ளே விட்டுப் பார்த்து, மேலே ஒரு பிரஸ் பட்டனும் வைத்தார். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

பட்டன் தைத்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தபிறகு கேட்டார்: "சரி, மூளைக்கு?"

இழுக்கிற மூச்சால் மூளை குளிர்ந்துவிடாது, அம்மா. அங்கே போய்ச்சேரும் இரத்தம் உடம்புச் சூட்டில்தான் போகிறது. குளிர்காற்று பட்டதும் நெற்றியில் சுருக்கென்று வலிப்பது உண்மை. முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டு செல்லும் டிரைஜெமினல் நரம்பு தூண்டப்படுவதால் வரும் வலி அது. ஐஸை அவசரமாக விழுங்கினால் வருகிறதே, அதன் உறவுக்காரன். சற்று நேரத்தில் போய்விடும். அஞ்ச வேண்டியது வேறு. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் நாக்கு குழறும், கால் தடுமாறும், யோசனை மங்கும். மங்குகிறது என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது. அதனால்தான் தனியாக நெடுந்தூரம் நடக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொன்னேன். இதை எந்தப் பெட்டியிலும் மடித்து வைத்து அனுப்ப முடியாது. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். அங்கே டிசம்பரில் எட்டு மணி நேரம். முதல் ஆண்டு நான் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பினேன். பிப்ரவரி வாக்கில் காரணமில்லாமல் அழுகை, எழுந்திருக்க முடியாத தூக்கம், சோறு மட்டும் தின்னத் தோன்றும். ஊர் நினைவு என்றே எண்ணினேன். குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவதால் வரும் மனச்சோர்வு அது. 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதை ஒரு நோயாக எழுதிவைத்திருக்கிறார்கள். காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தரும் விளக்கின் முன் உட்காரும் சிகிச்சை எனக்கு உதவியது. நான் ஒரு குளிர்காலம் முழுக்க வாய்விட்டுச் சொல்லாமல் கழித்தேன். அவள் அப்படிச் செய்யக் கூடாது.

எங்கள் ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அது இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினார். திறந்த காற்றே மருந்து என்ற காலம். குளிரிலும் ஜன்னல்களைத் திறந்துவைப்பார்கள். அங்கே 1917இல் அவரிடம் சிகிச்சைக்குப் போனவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். 1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இருவரும் ஒரே கப்பலில் போனவர்கள். கேம்பிரிட்ஜ் வந்த புதிதில் ராமானுஜன் இரவெல்லாம் கோட்டும் சால்வையுமாக நடுங்கியிருக்கிறார். அங்கே படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகாலனோபிஸ் போய்ப் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது: கம்பளிகளை மெத்தைக்கடியில் செருகி இறுக்கி விரித்திருந்தார்கள், அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் கம்பளிகளின் மேலேயே படுத்திருந்தார். ரயிலில் அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது, ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

தங்கை மகள் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு போகி. விடியற்காலையில் தெருவில் யாரோ டயர் கொளுத்த, புகை பனியோடு கலந்து தரையோடு தங்கிவிட்டது. அவள் இன்ஹேலரைத் தேடி எழுந்தாள். பனியைக் குற்றம் சொல்கிற நாம் இந்தப் புகையை எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம் என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மா ஜன்னல்களைச் சாத்தி, அவளை மடியில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

போய்ச்சேர்ந்த ஒன்பதாம் நாள் அழைத்தாள். இங்கே இரவு எட்டு மணி, அங்கே காலை எட்டரை. அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். துணிக்குள்ளிருந்து வருகிற குரல்.

"பெரியம்மா, பஸ் இப்போதுதான் கண்ணெதிரே போனது. நான் ஓடவில்லை. அடுத்ததற்கு 12 நிமிடம் இருக்கிறது. பாட்டியிடம் சொல்லுங்கள், பை கதகதப்பாக இருக்கிறது. இதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன், வைக்கிறேன்."

அம்மா ஃபோனை உடனே கீழே வைக்கவில்லை.