பழைய ஜீப்ல பெயிண்ட் கடைசி, சுத்தியல் முதல்ல

பழைய ஜீப் ஒண்ணு எடுத்து ரெடி பண்றேன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது "இன்ஜின் ஓடுதா?"ங்கிறதுதான். ஓடலைன்னு சொன்னா போதும், முகமே மாறிடும். முழு வேலையும் இறங்கி செஞ்சு பாத்ததுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணு நல்லாவே புரிஞ்சிடுச்சு, இன்ஜின் ஓடாத வண்டிய தைரியமா எடுக்கலாம், ஏன்னா இன்ஜின இறக்கி மேஜை மேல வெச்சு பொறுமையா பிரிச்சு சேத்துடலாம், ஆனா சேஸும் (மொத்த வண்டியையும் தாங்குற இரும்புச் சட்டம்) பாடிக்கு அடியில இருக்குற சட்டமும் அரிச்சுப் போயிருந்தா நீங்க வாங்குறது வெறும் பெயிண்டதான். அதனால இந்த பதிவுல பாதிக்கு மேல துருவப் பத்திதான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் எடுத்தது சிஜே-3பி. 1953ல வில்லிஸ் கம்பெனி கொண்டு வந்த ஜீப் மாடல், பானெட் நல்லா உயரமா நிக்கும், அத வெச்சே தூரத்துல இருந்து அடையாளம் கண்டுபிடிச்சிடலாம். அந்த உயரத்துக்குக் காரணம் உள்ள இருக்குற ஹரிகேன் இன்ஜின், 2.2 லிட்டர், நாலு சிலிண்டர். அதுக்கு முந்தி வந்த ஜீப் இன்ஜின்ல இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டு வால்வும் பிளாக்லயே இருக்கும், ஹரிகேன்ல இன்டேக் வால்வ மேல ஹெட்டுக்கு கொண்டு போய்ட்டாங்க, இன்ஜின் உயரம் கூடிருச்சு, பானெட்டயும் தூக்க வேண்டியதாப் போச்சு. மத்தபடி 80 இன்ச் வீல்பேஸ், முன்னாடி பின்னாடி பட்டை ஸ்பிரிங், ஏணி மாதிரி சேஸ், எல்லாமே 1941ல வந்த ராணுவ ஜீப்போட வம்சம்தான்.

துரு பாக்க பெரிய கருவி எதுவும் வேணாம், சின்ன சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். சேஸ் முழுக்க ஒரு முனையில இருந்து தட்டிட்டே வாங்க, நல்ல இரும்பு "டிங்"னு கணீர்னு சத்தம் போடும், அரிச்ச இடம் "டொப்"னு அமுங்கும், அங்க ஸ்க்ரூடிரைவர வெச்சு அழுத்தினா உள்ள இறங்கிடும். முக்கியமா ஸ்பிரிங்க சேஸோட சேக்குற ஷேக்கிள் மாட்டுற இடம், பின்னாடி கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணா ரிவெட் அடிச்ச இடம், இதெல்லாம் விடவே கூடாது. ரெண்டு தகடுக்கு நடுவுல துரு பிடிச்சா அது சும்மா இருக்காது, துருவுக்கு இரும்ப விட இடம் ஜாஸ்தி வேணும், அதனால தகட்டயே பிரிச்சு வெளிய தள்ளிடும், ரிவெட்டு கூட அறுந்து போகும்.

பாடிக்கு அடியிலதான் உண்மையான சோகம். ஃப்ளோர் தகடு தளராம இருக்க அடியில தொப்பி வடிவத்துல வளைச்ச சட்டம் வெல்டு பண்ணியிருப்பாங்க, ராணுவ ஜீப் காலத்துல இருந்தே அந்த சட்டத்துக்குள்ள மரக்கட்டைய திணிச்சு வெக்கிற பழக்கம் உண்டு. என் வண்டியிலயும் இருந்துச்சு. கிரைண்டர் வெச்சு ஓரத்த அறுத்து சட்டத்த பிரிச்சேன், உள்ள கட்டை கருப்பா, விரல்ல எடுத்தா மாவா உதிருது, ஆனா இன்னும் ஈரம்! வண்டி எவ்வளவோ காலமா மழை படாம கூரைக்கு கீழதான் நின்னுச்சு, இருந்தும் அந்த கட்டை தண்ணிய விடாம பிடிச்சு வெச்சு தகட்ட கீழ இருந்து தின்னுட்டு இருந்திருக்கு. மேல பாத்தா ஃப்ளோர்ல பெயிண்ட் கொஞ்சம் பொரிஞ்ச மாதிரி மட்டும்தான் தெரிஞ்சுது. இந்த மாதிரி இடத்துல துரு உள்ள ஆரம்பிச்சு கடைசியாதான் வெளிய தலை காட்டும், நம்ம கண்ணுக்கு பொட்டு தெரியும்போது பின்னாடி தகடு பாதி போயிருக்கும்.

இந்த இடத்துல நிறைய பேரு பட்டி அடிச்சு மூடிடறாங்க, எனக்கு அத பாத்தா மனசு ஆறாது. பட்டி ஈரத்த உறிஞ்சும், கீழ துரு இருந்தா அதுக்கு நாமளே சாப்பாடு போட்டு வளக்குற மாதிரி. அரிச்ச இடத்த நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு அதே கனத்துல புதுத் தகடு வெச்சு வெல்டு பண்றது மட்டும்தான் சரியான வழி. வெட்டுறதுக்கு முன்னாடி சேஸ குறுக்கு மூலைக்கு மூலை அளந்து எழுதி வெச்சுக்கணும், ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்தாதான் சேஸ் நேரா இருக்குன்னு அர்த்தம், அப்புறம் இரும்பு பைப்பால முட்டு குடுத்து பிடிச்சுட்டுதான் கிரைண்டர தொடணும், இல்லைன்னா வெட்டின பிறகு சட்டம் தன் இஷ்டத்துக்கு திரும்பிக்கும். வெல்டும் ஒரே மூச்சுல இழுக்கக் கூடாது, இங்க ஒரு பொட்டு அங்க ஒரு பொட்டுன்னு மாத்தி மாத்தி வெச்சு ஆற விட்டு சேக்கணும், சூடு ஒரே இடத்துல ஏறினா தகடு கோணிடும்.

ரெண்டு எச்சரிக்கை, இத விளையாட்டா எடுத்துக்காதீங்க. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் போட்டு துடைச்ச இடத்துல வெல்டு வெச்சீங்கன்னா ஃபாஸ்ஜீன்ங்கிற விஷ வாயு வரும், உயிருக்கே ஆபத்து. ஜிங்க் பூசின தகடா இருந்தா அந்த பூச்ச முழுசா தேச்சு எடுக்காம வெல்டு பண்ணாதீங்க, அந்த புகை உள்ள போனா காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

சின்ன சாமானுங்களுக்கு எனக்கு பிடிச்சது கரண்ட் வெச்சு துரு எடுக்கறது. பிளாஸ்டிக் தொட்டியில தண்ணி, அதுல சலவை சோடா, பேட்டரி சார்ஜரோட மைனஸ துருப்பிடிச்ச சாமான்லயும் பிளஸ பழைய இரும்புத் தகட்டுலயும் மாட்டணும், ராத்திரி விட்டா காலைல கருப்பா தேச்சா போற மாதிரி வந்திருக்கும், நல்ல இரும்பு கொஞ்சம் கூட குறையாது. பிளஸ்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, குரோமியம் விஷமா தண்ணில கலந்திடும். ஹைட்ரஜனும் கிளம்பும், அதனால வெளிய காத்தாட வெச்சுக்கோங்க. சேண்ட் பிளாஸ்டிங் சேஸுக்கு அருமை, மெல்லிசான பானெட் தகட்டுக்கு வேணாம், அலை அலையா நெளிஞ்சிடும்.

இரும்பு பளிச்சுன்னு வந்த அன்னைக்கே எபாக்சி பிரைமர் போயிடணும், ஒரு ராத்திரி ஈரக் காத்து பட்டா மறுபடி சிவந்திடும். பிரைமர் மேல ஜாயிண்டுக்கெல்லாம் சீலர், அப்புறம் பெயிண்ட், எல்லாம் முடிஞ்ச பிறகு மூடின சட்டங்களுக்குள்ள குழாய் விட்டு மெழுகு ஸ்ப்ரே. தண்ணி வடியற ஓட்டைகள மறந்து சீலர் போட்டு அடைச்சிடாதீங்க, இவ்வளவு வேலையும் வீணாகிடும். ஏறி இறங்குற வாசல் ஓரத்துலயும் பின்பக்கத்துலயும் இருந்த பழைய நெளிவுகள நான் அப்படியே விட்டுட்டேன், அதுல துரு இல்ல, அது வண்டியோட வயசு, அத மறைக்க எனக்கு விருப்பம் இல்ல.

இன்ஜின் இறுகிப் போயிருந்துச்சு. இந்த நிலைமைல வண்டிய கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறது பெரிய பாவம், ரிங்கோ கனெக்டிங் ராடோ போயிடும். ஸ்பார்க் பிளக்க கழட்டிட்டு ஒவ்வொரு சிலிண்டர்லயும் கியர் ஆயிலும் டீசலும் கலந்து ஊத்தி ஊற வெச்சு, இன்ஜின சுத்துற கம்பி போட்டு கையால முன்னயும் பின்னயும் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சேன். பிஸ்டன் விட்டுக் குடுத்துடுச்சு, மாட்டினது ஒரு எக்ஸாஸ்ட் வால்வு. பக்கவாட்டு மூடிய திறந்தா ஸ்பிரிங் இருந்தும் வால்வு தூக்கினபடியே நிக்குது, வால்வு ஏறி இறங்குற கைடுக்குள்ள துரு. ஆயில் விட்டு, திருப்பி, மெதுவா தட்டி இறக்கினேன், டக்குனு உக்காந்த அந்த சத்தத்துக்காகவே இந்த வேலைய இன்னொரு தடவை செய்வேன்.

பிரேக்குல மட்டும் பழசு எதையும் மிச்சம் பிடிக்காதீங்க. ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா தெரியும், உள்ள வீங்கி அடைச்சிருக்கும், பெடல விட்டும் வீல் பிடிச்சபடியே நிக்கும். பைப் லைனுக்கு காப்பர்-நிக்கல் வாங்குங்க, துருவே பிடிக்காது, வளைக்கவும் சுலபம். சாதா காப்பர் டியூப் பிரேக்குக்கு ஆகாது, அதிர்வுல விரிசல் விட்டுடும்.

முன் ஆக்சில்ல வீல் திரும்புற உருண்டை முழுக்க குழி விழுந்திருந்தா புது சீல் போட்டும் கிரீஸ் ஒழுகத்தான் செய்யும், அந்த உருண்டைய முதல்ல வழவழப்பாக்கணும். வீல் திரும்புறதுக்கு அச்சா இருக்குற கிங்பின் மேலயும் கீழயும் இருக்குற ஷிம்முங்கள (மெல்லிசான தகடுங்க) எந்தப் பக்கம் எத்தனைன்னு எழுதி தனித்தனி கவர்ல போடுங்க, பேரிங் எவ்வளவு இறுக்கமா இருக்கணும்னு முடிவு பண்றது அதுதான், தளர்வா விட்டா ஸ்டியரிங் கையில நிக்காம ஆடும்.

கடைசியா ஓட்டிப் பாக்குறப்போ நாலு வீல் டிரைவ தார் ரோட்டுல போடாதீங்க. இந்த வண்டில முன் ஆக்சிலயும் பின் ஆக்சிலயும் வேற வேற வேகத்துல சுத்த விடுற நடு டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவுல முன் வீல் சுத்துற தூரமும் பின் வீல் சுத்துற தூரமும் வேற, மண்ணுல டயர் வழுக்கி அத சரி பண்ணிக்கும், தார்ல வழுக்க முடியாம அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்டுலயும் கியர்லயும் ஏறும். நாலு டயரும் ஒரே சைஸா, ஒரே தேய்மானத்துல இருக்கணும்ங்கிறதும் இதுக்காகத்தான். லூசான மண்ணுல லீவர போட்டு முன் ஆக்சில் பிடிச்சு இழுக்குறப்போ ரெண்டு முன் வீலும் மண்ண வாரி பின்னாடி எறியுதான்னு யாரையாவது வெளிய நின்னு பாக்கச் சொல்லுங்க, என் வண்டில எறிஞ்சுது.