இரு மாம்பலங்களுக்கு நடுவே ஒரு ரயில் நிலையம்

சென்னை மாம்பலத்தில் இறங்கும் கூட்டம் நடைமேம்பாலத்தின் படியேறி முடிப்பதற்குள் இரண்டாகப் பிரிந்துவிடும். கிழக்கே இறங்கினால் கால் வைக்கும் இடமே ரங்கநாதன் தெரு. மேற்கே இறங்கினால் காய்கறிக் கூடைகளும் பூக்கடைகளும் நிறைந்த மேற்கு மாம்பலம். பல ஆண்டுகளாக மேற்குப் பக்கம் இறங்கி வீட்டுக்கு நடக்கிறவன் என்ற முறையில், இந்த நிலையத்தை ரயில் நிலையமாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. ரயிலே ஏறாதவர்களுக்கும் இது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வழி.

இரண்டும் ஒரே மாம்பலமாக இருந்தவைதான். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து, நீதிக்கட்சி ஆட்சிக் காலமான 1920களில் திட்டமிடப்பட்ட புதிய குடியிருப்புக்கு அக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைச் சூட்டினார்கள். தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்த பகுதி தியாகராய நகராகி, நாளடைவில் தி.நகர் என்று சுருங்கியது. மாம்பலம் என்ற பழைய பெயரை மேற்குப் பகுதியும் ரயில் நிலையமும் வைத்துக்கொண்டன.

புதிய நகர் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இந்த ரயில் பாதைக்கு மின்சாரமும் வந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1931 மே 11 அன்று கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே பொதுமக்களுக்கான மின்சார ரயிலை ஓட்டத் தொடங்கியது. பம்பாயில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடி ஆறே ஆண்டுகளில், மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதையில் ஓடிய இந்த ரயில்தான் தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில். நிலையத்துக்கு நிலையம் சட்டென வேகமெடுத்துச் சட்டென நிற்கக்கூடிய வண்டி வந்ததால்தான், பட்டணத்தில் வேலை பார்த்துக்கொண்டே பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ குடியிருப்பது சாத்தியமாயிற்று என்பது என் எண்ணம்.

ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடிய அந்தப் பழைய வண்டி இன்னும் என் நினைவில் இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும். நடுவில் ஒருவர் நின்றுவிட்டால், ஜன்னலோரத்தில் இருப்பவர் கோடம்பாக்கம் தாண்டும்போதே எழுந்து வாசலை நோக்கி நகரத் தொடங்க வேண்டும். 2004 ஜூலையில் அந்த வண்டிகள் ஓய்வு பெற்று, அகலப்பாதை (பிராட் கேஜ்) வண்டிகள் முழுமையாக வந்தன. இடம் கூடியது, கூட்டமும் கூடவே கூடியது.

கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு என்று மூன்று பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லும் அறிவிப்புக்கு நடுவே, தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்கள் பலவும் இங்கே நின்று போகின்றன. எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை என்பதால், விடியற்காலையில் பெட்டியும் கட்டைப்பையுமாக இங்கேயே இறங்குகிறவர்கள் ஏராளம். தினசரிப் பயணிக்கு மாதாந்திர சீசன் டிக்கெட்டைப் போல வேறொரு வசதி கிடையாது. மகளிர் பெட்டி, முதல் வகுப்பு ஆகியவற்றோடு, 2025 ஏப்ரல் முதல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது.

அண்மைக் காலத்தில் நிலையத்தின் பயனை மிகவும் கூட்டியது, 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை. நிலையத்தின் மேம்பாலத்தோடு இணைந்து, மேட்லி சாலை வழியாகத் தி.நகர் பேருந்து நிலையம் வரை சுமார் 570 மீட்டர் நீளும் அந்தப் பாதையில், மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் இருப்பதால், தீபாவளி நெரிசலில் ரங்கநாதன் தெருவுக்குள் போகத் தயங்கும் முதியவர்கள்கூட நிம்மதியாக நடக்கிறார்கள். இதே அக்கறை மேற்குப் பக்கத்துக்கும் கிடைக்க வேண்டும். கோயிலுக்கும் மருத்துவரிடமும் சந்தைக்கும் போகிறவர்கள் அந்தப் பக்கம் நிறைய.

சென்ற வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு மேற்குப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழ்ப்படியில் பூக்காரம்மா, மிச்சமிருந்த மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். “கடைசி ரெண்டு முழம், எடுத்துக்கோப்பா” என்றார். வாங்கிக்கொண்டேன். கூடையைத் தலையில் ஏற்றியவர், நான் இறங்கி வந்த படிகளிலேயே ஏறித் தாம்பரம் வண்டியைப் பிடிக்கப் போனார்.