பால்கனி வலை: குழாய் மூலையில் மூன்று தோல்வி, ஒரு அரை வெற்றி

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டூல் மேல் ஏறி வலையின் மேல்வரிசைக் கொக்கிகளை இறுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க உள்ள நின்னு வலை கட்டுறீங்க, அவன் வெளிய உக்காந்து வேடிக்கை பாக்குறான்" என்றாள். திரும்பினால், எங்கள் பூனை மைனர் பக்கத்துச் சன்ஷேடில் உட்கார்ந்து சாவகாசமாகக் காலை நக்கிக்கொண்டிருக்கிறான். நாலாவது மாடி.

கத்தவில்லை. மிரண்டால் எந்தப் பக்கம் தாவுவான் என்று சொல்ல முடியாது. மெதுவாக உள்ளே போய்த் தீனி டப்பாவை இரண்டு குலுக்கு குலுக்கினேன். வந்துவிட்டான். அவன் வந்த வழியைப் பார்த்ததுதான் இந்த மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான தகவல். மழைநீர்க் குழாய்க்கும் வலைக்கும் நடுவே முதலில் மூக்கு வந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்தான், காது மடங்கியது, தலை உள்ளே. ஒரு தோள், அப்புறம் மறு தோள், மிச்ச உடம்பு மாவு ஊற்றியதுபோல வழிந்து வந்தது. பூனையின் காறை எலும்பு வேறு எலும்போடு சேராமல் தசைக்குள் மிதக்கிறது, அதனால் தலை புகுந்தால் உடம்பும் புகுந்துவிடும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தபோதுதான் உறைத்தது.

"பூனைதானே, விழுந்தாலும் காலில்தான் நிற்கும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 90 சதவீதம் பிழைத்தன. அந்த எண்ணை மட்டும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். விழுந்த இடத்திலேயே செத்தவை அந்தக் கணக்கில் இல்லை. வந்தவற்றிலும் நுரையீரல் அடிபட்டதும் தாடை உடைந்ததும் நிறைய.

சரி, குழாய்க்கு வருகிறேன். நேரான சுவரில் வலை கட்டுவது பெரிய வித்தை இல்லை, கொக்கியை 30 செ.மீ.க்கு ஒன்றாக அடித்துக்கொண்டே போகலாம். இந்த மூலையில் மட்டும் தரையிலிருந்து கூரைவரை பிவிசி குழாய் போகிறது. சுவருக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி. ட்ரில் உள்ளே போகாது, குழாயில் துளை போடவும் முடியாது.

முதல் முயற்சியில் வலையைக் குழாயோடு சேர்த்துக் கேபிள் டை போட்டேன். வழுவழு குழாய் என்பதால் இரண்டே நாளில் எல்லா டையும் கீழே வழுக்கி வந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. இரண்டாவது, இடைவெளியில் ஃபோம் திணித்தேன். மைனர் அதைப் பிய்த்து வீடு முழுக்கப் பரப்பினான். மூன்றாவது, டைக்கு அடியில் ரப்பர் பட்டை சுற்றினேன். இது நின்றது. கையால் இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். அங்கேதான் தப்பு. கையால் இழுப்பது வேறு, நாலரைக் கிலோ உடம்பு கீழிருந்து நெம்புவது வேறு. சும்மா இருக்கும்போது 4 செ.மீ. இருந்த சந்து, அவன் தள்ளும்போது 9 ஆகிறது. அவன் தலை கன்னத்துக்குக் கன்னம் 8.

நைலானுக்கு இழுபடும் குணம் அதிகம், அதுவும் காரணம். இங்கே வலை வாங்கின கதையையும் சொல்லிவிடுகிறேன். கண் அளவு 50 மி.மீ. வேண்டும் என்று ஆர்டர் போட்டேன். வந்ததோ கொசுவலைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. கேட்டால், அவர்கள் மீன்வலைக் கணக்கில் கண்ணை இழுத்துப் பிடித்து எதிரெதிர் முடிச்சுக்கு நடுவே அளக்கிறார்களாம். நான் நினைத்தது சதுரத்தின் ஒரு பக்கம். ஆக எனக்குக் கிடைத்தது பக்கத்துக்கு 25. வலை வாங்குகிறவர்கள் இதை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கோபத்தில் திருப்பி அனுப்பப் பார்த்தேன், இப்போது அதுவே நல்லதாகப் போயிற்று. தலை என்ன, முழங்கால்கூடச் சிக்காது. அடுத்த முறை வாங்கினால் வெயில் தாங்குகிற பாலிஎத்திலீன் வலைதான்.

நாலாவது முயற்சியில் குழாயோடு மல்லுக்கட்டுவதை விட்டேன். குழாயை வலைக்கு வெளியே தள்ளிவிட்டு, அதற்கு ஒரு சாண் முன்னால், தரைக்கும் கூரைக்கும் நடுவே திருகி முட்டுக்கொடுக்கிற இரும்புக் கம்பம் ஒன்றை நிறுத்தினேன். துளையே வேண்டாம், வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கவும் வேண்டாம். ஆனால் வலையைக் கம்பத்தில் கோத்துக் கட்டினால் மறுபடி அதே வழுக்கல். அரை நாள் யோசித்த பிறகு, கம்பம் முழுக்க முதலில் கற்றாழை நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் வலையைக் கோத்தேன். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சுற்று, ஐந்து கண்ணுக்கு ஒரு முடிச்சு. நார் கவ்விக்கொண்டது, ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. அடிவரிசைக் கொக்கிகளை 15 செ.மீ.க்கு நெருக்கிவிட்டு, ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை மூலையில் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டேன். காலையில் சந்து 2 செ.மீ.தான். அந்தக் காலையில் நான் தேநீர் குடித்த தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மைனரை விட்டேன். நேரே கம்பத்திடம் போனான், மோந்தான், இரண்டு கையாலும் நாரைப் பிறாண்டினான். ஆகா, பிறாண்டுகட்டை வாங்கும் செலவும் மிச்சம் என்று நினைத்து முடிக்கவில்லை. விறுவிறுவென்று ஏறிக் கூரையைத் தொட்டுவிட்டான். மேலே கம்பத்தின் மூடியும் வலையும் சேரும் இடத்தில் ஒரு சின்ன முக்கோணச் சந்து உண்டு. அவ்வளவு உயரத்துக்கு யார் போகப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன். ஏணி கட்டிக்கொடுத்தவனே நான்தான்.

ஏணி என்றதும் நினைவு வருகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் பூனைக்கென்றே மர ஏணி வைத்திருக்கிறார்கள். மாடி மாடியாக வளைந்து இறங்கும். படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன், அவ்வளவுதான். ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் வார்) மாட்டி நடத்திக் கூட்டிப்போகும் திட்டம் போன வருடமே முடிந்தது. மாட்டிய நிமிடம் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்துவிடுவான். எழுந்தால் பின்பக்கமாகவே நடந்து அதிலிருந்து உருவிக்கொள்வான். இதற்கிடையே சறுக்குக் கதவுக்குப் பூனைக்கதவு வைத்த பலகையும் வாங்கியாயிற்று, மூலை முடியாமலே. மனைவிக்கு இன்னும் தெரியாது.

இப்போதைக்குப் பால்கனி பூட்டு. கப்பல் கயிற்றில் எலி ஏறாமலிருக்கத் தட்டு மாட்டுவார்களே, அதுபோல ஒன்றைக் கம்பத்தின் மேல்பக்கம் மாட்ட உத்தேசம். பழைய வாளி மூடியை நடுவில் வெட்டி வைத்துப் பார்த்தேன். விட்டம் 28 செ.மீ., கம்பத்திலிருந்து விளிம்புக்கு 14கூட வரவில்லை. மைனர் கையை நீட்டினால் அதைத் தாண்டுகிறது. பெரிய மூடி தேடுகிறேன்.