ஏழு பவுன் தாலிச்செயினும் ஒரு துறவி நண்டும்

சென்னைக்குப் பக்கத்தில் ஆளில்லாத கடற்கரை ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். கோவளத்தில், 2021-இல் தூய்மையான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று பெற்ற அலங்காரமான பகுதியைத் தாண்டித் தெற்கே நெடுந்தூரம் நடந்தால் மணலுக்கு நடுவே கொஞ்சம் பாறைகள் தலை காட்டும். சரியான இடத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கூட்டம் வந்துவிடும் என்ற பயம் இல்லை. கூட்டம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது.

கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் குட்டைகளையும் அவற்றுக்குள் உலவும் உயிர்களையும் படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் நம் ஊர்க் கடல் இந்த விஷயத்தில் மகா கஞ்சம். குஜராத்தில் பவநகர் பக்கம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் கடல், இங்கே ஒரு மீட்டருக்கே மூச்சு வாங்குகிறது. போதாக்குறைக்கு நம் கரை பெரும்பாலும் வெறும் மணல். மணலில் குட்டை தங்காது. வற்றம் வேறு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பதால், வற்றமும் விடியல் வெளிச்சமும் ஒன்றாக அமைவது பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான். கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை கவனமாக முகூர்த்தம் பார்த்ததில்லை.

அப்படிப் பார்த்துக் குறித்த ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை, இருள் பிரியுமுன் மனைவியோடு காரில் கிளம்பினேன். விடியற்காலையில் ஆளரவமற்ற இடத்துக்குப் போகிறோமே என்ற எச்சரிக்கையில் அவள் தாலிச்செயினைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, வெறும் மஞ்சள் கயிற்றோடு வந்திருந்தாள். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அரை மணி நேரம் லென்ஸ் என்னைப் பழிவாங்கியது. வழி நெடுக ஏசியில் குளிர்ந்த கண்ணாடி, கடற்கரையின் ஈரக் காற்று பட்டதும் வெளுத்துப் போயிற்று. துடைத்தேன், மறுபடி பூத்தது. "ஃபிரிட்ஜிலேர்ந்து எடுத்த தண்ணி பாட்டில் மாதிரி வேர்க்குதே" என்றாள் மனைவி. உண்மையில் அதேதான் காரணம். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்திருந்து, காரில் ஏசியை அணைத்து, மெல்ல வெளிச்சூட்டுக்குப் பழக்கியிருக்க வேண்டும். சூரியன் கடலிலிருந்து கிளம்பிய அந்த அற்புதமான ஐந்து நிமிடங்களும் என் படங்களில் பால்கோவா போலவே பதிவாகியிருக்கின்றன.

லென்ஸ் தெளிந்ததும், தாம்பாளம் அகலக் குட்டை ஒன்றின் அருகில் பாறைமேல் குப்புறப் படுத்தேன். மேலே வானம் பளபளத்ததால் முதலில் தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது. லென்ஸின் முன் மாட்டியிருந்த, பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வளையத்தைத் திருகத் திருக, திரையை விலக்கியது போல அந்தப் பளபளப்பு மறைந்து அடித்தளம் துலங்கியது. பாறையோடு ஒட்டிக் கிடந்த கொட்டலசுகள் என்னும் சிறு ஓட்டுயிர்கள் ஓட்டின் வாயைத் திறந்து, இறகு போன்ற கால்களை வெளியே நீட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, சுண்டு விரல் நக அளவுச் சங்குக்குள் குடியிருந்த ஒரு துறவி நண்டு, வீட்டைச் சுமந்தபடி பாசி மேட்டில் ஏறிச் சறுக்கி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொட்டலசு முழங்காலைக் கீறியதுகூட அப்போது உறைக்கவில்லை.

"இன்னா தம்பி, இன்னாத்த தொலச்ச?"

தலையைத் தூக்கினால், மீன் கூடையோடு ஓர் ஆயா. "ஒண்ணும் தொலைக்கல ஆயா, நண்டைப் படம் எடுக்கறேன்" என்றேன். ஆயா என்னைப் பார்த்தார். தன் கூடையைப் பார்த்தார். அதில் உள்ளங்கை அளவு நண்டுகள் கிடந்தன. இத்தனை நண்டு இங்கே இருக்க, நகத்தளவு நண்டுக்காக ஒருவன் பாறையில் விழுந்து கிடப்பானா? அவர் பார்வை அடுத்து என் மனைவியின் கழுத்துக்குப் போயிற்று. அங்கே மஞ்சள் கயிறு.

"தாலிச்செயினா!" என்று ஆயா போட்ட சத்தத்தில், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கிரிக்கெட் ஆடிய பையன்கள் வந்தார்கள். நான் மறுக்க மறுக்க, "பாவம், வெளிய சொல்ல வெக்கப்படறாரு" என்று என் மறுப்புக்கே விளக்கம் சொல்லப்பட்டது. முதலில் மூன்று பவுனாக இருந்த செயின், பையன்கள் வந்தபோது ஐந்தாகி, சற்றுத் தள்ளிக் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பில் இருந்த ஜோடியை எட்டியபோது ஏழாகிவிட்டிருந்தது. அந்த மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு குட்டைக்குள் இறங்கினார். அவருடைய போட்டோகிராபர் எல்இடி விளக்கைப் பிடித்தார். என் வாழ்நாளில் எந்தக் குட்டையும் அவ்வளவு அழகாக ஒளியூட்டப்பட்டதில்லை. உள்ளே மட்டும் பன்னிரண்டு கால்கள்.

இதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் முற்றுப்புள்ளி வைத்திருக்கக்கூடிய என் மனைவி வாயைத் திறக்கவில்லை. குப்பத்துப் பெண்மணி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மாதா கோவிலுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். 19 வருட இல்லறத்தில் தனக்கு யாருமே இவ்வளவு ஆறுதல் சொன்னதில்லை என்பதால் மறுக்க மனம் வரவில்லை என்று பிறகு காரில் சொன்னாள்.

தேடலில் ஒரு கவரிங் வளையலும், ஐந்து ரூபாய் நாணயமும், இடது கால் ரப்பர் செருப்பு ஒன்றும் அகப்பட்டன. "தண்ணி ஏறுது, சீக்கிரம்" என்று யாரோ அவசரப்படுத்த, ஒரு பையன் தோள் வரை கையை விட்டு, "மாட்டிக்கிச்சு!" என்று கத்தினான். அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள். அவன் கையில் இருந்தது என் லென்ஸ் மூடி. அது விழுந்ததே எனக்குத் தெரியாது. நான் மனமார நன்றி சொன்னபோது அங்கே நிலவிய ஏமாற்றத்தை எந்த லென்ஸாலும் பிடிக்க முடியாது.

வீட்டில் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 212 படங்கள். துறவி நண்டு இருப்பவை 9. மிச்சத்தில் பெரும்பங்கு முழங்கால்கள்.

பதினைந்து நாள் கழித்து அடுத்த முகூர்த்தத்தில் தனியாகப் போனேன். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டியபடி, "ஏழு பவுனு கெடச்சுதா சார்?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள், "கெடச்சிருக்காது. தெனம் நாலு பேர் தேடிட்டுதான் கீறாங்க" என்று பாறைப் பக்கம் கையைக் காட்டினார். என் குட்டையின் அருகே இருவர் குப்புறப் படுத்திருந்தார்கள்.