ஊருக்குப் புத்தகம் அனுப்பப் போகிறீர்களா? 'கியான் போஸ்ட்' என்று கேட்டு வாங்குங்கள்

ஐந்து கிலோ புத்தகக் கட்டை வெயிலில் தபால் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், வரிசையில் நின்று, அப்படியே திருப்பித் தூக்கி வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பு வாசலில், யார் வேண்டுமானாலும் புத்தகம் வைக்கவும் எடுக்கவும் புத்தகப் பெட்டி வைத்தது பெரிய வேலையே இல்லை. சங்கத்தில் சரி என்றார்கள், ஒருவர் பழைய இரும்பு அலமாரி கொடுத்தார், அது சீக்கிரமே நிரம்பியும் விட்டது. எங்கள் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். அங்கே அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் வந்த நூலகம் பூட்டியே கிடக்கிறது. பக்கத்து ஊர் கிளை நூலகத்துக்குப் போகலாம் என்றால் பிள்ளைகளுக்கு பஸ் நேரம் ஒத்து வராது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வந்த பிறகு நாம் எல்லோரும் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். இருந்தும் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகம் கிடைக்கவில்லை என்றால் எப்படிப் பொறுப்பது? ஊரில் அத்தையின் பெட்டிக்கடைத் திண்ணையில் இன்னொரு பெட்டி வைத்து, இங்கே சேரும் புத்தகங்களை அனுப்புவதாக முடிவானது.

அப்புறம்தான் தலைவலி. முன்பு பதிவு நூல் அஞ்சலில் மலிவாக அனுப்ப முடிந்தது. 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். 2025 மே 1 முதல் புத்தகம் அனுப்பவென்றே கியான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கவுன்டரில் இருந்தவரோ, "அப்படி எதுவும் இல்லம்மா, பார்சல்ல போடுங்க" என்றார். போனில் அஞ்சல் துறை அறிவிப்பைக் காட்டினேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்சல் கட்டணத்தில் மாதாமாதம் அனுப்பினால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்த முறை அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு நேராக போஸ்ட் மாஸ்டரிடம் போனேன். அவரே கவுன்டருக்கு வந்து, கம்ப்யூட்டரில் அது எங்கே இருக்கிறது என்று காட்டினார். நீங்களும் கவுன்டரில் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆனால் கட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சகத்தின் பெயரோ பதிப்பகத்தின் பெயரோ இருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. மாத, வார இதழ்கள் சேராது. யாரோ ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த சிறுவர் இதழ்களையெல்லாம் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் முதலில் கை வைத்திருப்பது அவற்றில்தான்! பிறகு ஊருக்குப் போன சித்தப்பா பையில் கொடுத்தனுப்பினேன். ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸும் அப்படியே. ஆகவே வீட்டிலேயே டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். டேப்பையும் கத்தரிக்கோலையும் கையோடு கொண்டு போங்கள். தரை வழியாகத்தான் போகும், தாமதமாகும். மழைக்காலமென்றால் உள்ளே பிளாஸ்டிக் உறை கட்டாயம்.

கட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அத்தை போனில் சொன்னது இதுதான்: "பழைய கைடெல்லாம் எதுக்குடி அனுப்புற? சின்னதுங்க பெரிய எழுத்துக் கதையா கேக்குது. பெரிய பசங்களுக்கு டிஎன்பிஎஸ்சி புக்கு வேணுமாம், புதுசா இருக்கணுமாம்." அன்றைக்கே அலமாரிக் கதவில் எழுதி ஒட்டினேன்: பாடத்திட்டம் மாறிப்போன கைடுகளை இங்கே வைக்காதீர்கள், பழைய பேப்பர் கடை அடுத்த தெருவில் இருக்கிறது.