'கி' எங்கே போனது?

மெட்ரோனோமில் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வைத்தால் தாளம் போடும் கருவி) 72. நாலு மாதம் அதைத் தாண்ட முடியவில்லை. 'கிடதக தரிகிட தொம்', மிருதங்கம் கற்கிற யாருக்கும் தெரிந்த சொல்தான், அடிகளை வாயால் சொல்கிற சொற்கட்டு, ஆதி தாளத்தில் மூன்றாம் காலத்தில் ஒரு தட்டுக்கு நாலு எழுத்து, எழுத்துக்கு ஒரு அடி. 72-இல் வைத்தால் நிமிடத்துக்கு 288 அடி, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து. இது ஒன்றும் பெரிய வேகம் இல்லை, கச்சேரியில் வாசிப்பவர்கள் இதைப் பேசிக்கொண்டே போட்டுவிடுவார்கள். எனக்கு 74 வைத்தாலே கை சிக்கிக்கொள்ளும், தோள் காது வரை ஏறிவிடும்.

நான் இருப்பது கிருஷ்ணகிரி, வாத்தியார் இருப்பது தருமபுரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காவேரிப்பட்டணம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, உறைபோட்ட மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு (மேலே கம்பித்தட்டில் வைக்க மனசு வராது, கீழே வைத்தால் யாராவது கால் வைப்பார்கள்) போய் வருவேன். 35 வயதில் ஆரம்பித்தவன். முதல் ஒன்றரை வருஷம் வாராவாரம் ஏதோ ஒன்று புதிதாக வந்துகொண்டே இருந்ததால், அப்படியே போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

நின்றுபோனதும் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். ஒரு மணி நேர சாதகப் பயிற்சியை இரண்டு மணி நேரமாக்கினேன். தினமும் இரண்டிரண்டாக வேகத்தை ஏற்று என்று யூடியூபில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஏற்றினேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். அந்த இரண்டிரண்டு வைத்தியம் சரியாக வாசிப்பவனுக்குச் சரி, தப்பாக வாசிப்பவனுக்கு அது தப்பை மெருகேற்றிக் கொடுக்கும். இதை அப்போது யாராவது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அம்மா வேறு அடுப்படியிலிருந்து, "தினமும் அதே எடத்துல வந்து நிக்குதேப்பா, வண்டி ரிப்பேரா?" என்பார். சங்கீதம் தெரியாதவர்தான், ஆனால் நிற்கிற இடம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

வாத்தியாரிடம், "சார், எனக்குக் கை அமைப்பே இதுக்கு இல்ல போல" என்று புலம்பினேன். அவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை கதையை எடுத்தார். 1908-இல் பிறந்து 1962-இல் மறைந்தவர், மிருதங்கத்தில் பெரிய பெயர், இடது கைக்காரர். மேடையில் வலந்தலை (கருப்புச் சாந்து வைத்த முகம்) சபையைப் பார்த்து இருக்க வேண்டும், மிருதங்கக்காரர் இடது கைக்காரர் என்றால் அவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும், அப்போது வயலின்காரர் இடம் மாறியாக வேண்டும். இதனாலேயே ஆரம்பத்தில் அவருக்குச் சிக்கல், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பக்கத்தில் நின்று ஆதரித்தார். "உனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. கைய எடு, வாயால சொல்லு" என்றார் வாத்தியார்.

சொன்னேன். மெதுவாகச் சொன்னபோது சரியாக இருந்தது. அவர் தாளத்தை ஏற்றினார். மூன்றாவது சுற்றில் என் வாயிலிருந்து வந்தது 'கிடதக தரிட்ட தொம்'. சார் சிரிக்கக்கூட இல்லை. "கி எங்கப்பா?"

கையில் மட்டுமில்லை, வாயிலேயே அது இல்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது என் வாசிப்பைப் போனில் பதிவு செய்து வைத்திருந்ததைக் கேட்டேன். 60-இல் 'கி' இருக்கிறது, 66-இல் தேய்கிறது, 72-இல் ஒரு ஓட்டைதான் இருக்கிறது. எங்கள் பாடத்தில் 'தரிகிட'வில் வரும் அந்த 'கி' தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்க முகத்தில், இடது கையில் விழுகிற அடி. அடுத்த நாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பார்த்தால், வலது கை தோலை விட்டு இரண்டு விரல் உயரம்கூட எழும்பவில்லை, இடது கையோ ஒரு சாண் மேலே போய் அங்கே வேடிக்கை பார்த்துவிட்டு இறங்குகிறது. அதற்குள் 'ட' வந்துவிடும், கை திரும்பி வர நேரமே இல்லை. இத்தனை நாளாக வலது கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

40-க்கு இறங்கினேன். சொல் முழுவதும் வாயில், கையில் 'க'வும் அந்த 'கி'யும் மட்டும், இரண்டு அடி, மற்றதெல்லாம் காலி. கேட்கவே சகிக்காது. பத்து நாள் செய்திருப்பேன், மாம்பழ சீசன் வந்துவிட்டது.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும். நான் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். பெங்களூரா மாம்பழ லாரிகள் வந்து வரிசையில் நிற்க ஆரம்பித்தால் வீட்டுக்கு வருகிற நேரம் நம் கையில் இல்லை. மே, ஜூன், ஜூலை, மூன்று மாதம் மிருதங்கத்தைத் தொடவில்லை, உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். வாய் மட்டும் ஓய்ந்திருக்கவில்லை. எடைமேடைச் சீட்டு வருவதற்குள் தொடையில் இடது கை 'க', 'கி' போட்டுக்கொண்டிருக்கும், டிரைவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆகஸ்டில் பிரித்து, தொப்பிக்குக் கனத்த நாதம் வர ரவையைக் குழைத்து அதில் ஒட்டி உட்கார்ந்தேன். அவமானம்தான். மீட்டில் (வலந்தலையின் வெளிவளையத் தோல்) நாதமே இல்லை, அதில் 'நம்' அடித்தால் பலகையைத் தட்டுகிற மாதிரி கேட்டது. விரல் நுனி மெத்தென்று ஆகிவிட்டதால் பத்து நிமிடத்தில் எரிச்சல். 50-இல் கூட மூச்சு வாங்கியது. அதையெல்லாம் பழைய நிலைமைக்குக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆனால் முதல் நாளே பதிவு செய்து கேட்டதில் 'கி' இருந்தது, சின்னதாக, தன் இடத்தில்.

இப்போது 78. போன ஞாயிறு வாசித்துக் காட்டினேன், கண்ணை மூடிக் கேட்டார். "கி வந்துடுச்சு. சரி, இப்ப தொம்ம பாரு, கதவ ஒடைக்கிற மாதிரி விழுது" என்றார். மறுபடி 50-இல் வைத்திருக்கிறேன்.