வாசல் ஒயரில் தேன்சிட்டு

டிசம்பர் 29
திருச்சியில் குளிர் இன்னும் விடவில்லை. போர்டிகோவில் தொங்கும் பழைய கேபிள் ஒயரின் நுனியில் காலையில் ஏதோ தூசு போலத் தெரிந்தது. பத்து மணிக்குள் விஷயம் புரிந்துவிட்டது. ஊதாப்பிட்டத் தேன்சிட்டுப் பெட்டை ஒன்று சிலந்தி நூலைக் கொண்டுவந்து ஒயரைச் சுற்றிச் சுற்றி ஒட்டுகிறது. வெள்ளைத் தொண்டை, மஞ்சள் வயிறு. ஆண் செம்பருத்தியில் உட்கார்ந்து குரல் கொடுக்கிறதே தவிர ஒரு நாரைக்கூடக் கொண்டுவரவில்லை. இந்த இனத்தில் கூடு கட்டுவது பெரும்பாலும் பெட்டைதான்.

ஜனவரி 5
பை உருவம் வந்துவிட்டது. வெளியே மரப்பட்டைச் சில்லு, சருகுத் துணுக்கு, புழு எச்சம். உள்ளே மெத்தைக்கு எருக்கம் பஞ்சு. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் மழைச்சாரல் படாமல் ஒரு சின்ன நீட்டம். தெரியாதவர்கள் பார்த்தால் ஒயரில் சிக்கிய குப்பை என்பார்கள். அதற்கு அதுதான் பாதுகாப்பு.

ஜனவரி 11
போகிக்கு வீடு சுத்தம் செய்யும் வேலை. அம்மா ஒட்டடைக் கம்போடு வந்தார்.
“போர்டிகோ பக்கம் மட்டும் வேண்டாம்மா.”
“கூட்டை யாருடா தொட்டா? ஒட்டடையைத்தானே அடிக்கிறேன்.”
அந்த ஒட்டடைதான் கூட்டுக்குச் சிமென்ட். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் வலையில் பெட்டை நூல் இழுப்பதை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அலகால் கொத்தி, பின்னால் பறந்தபடியே இழுக்கிறது. சிலந்தி நூல் ஒட்டும், இழுத்தால் அறாமல் நீளும். உள்ளே குஞ்சு வளரும்போது கூடும் விரிந்துகொடுக்கும். மூலை முடுக்கெல்லாம் மருந்தடித்து வைத்தால் இது எதைக் கொண்டு கட்டும்?
“பொங்கலுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்றபடியே அம்மா கம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஜனவரி 19
அடைகாக்கிறது. வாசலில் வளைந்த அலகு மட்டும் தெரிகிறது. வழக்கமாக இரண்டு முட்டை. நான் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை. கூட்டுக்குள் போனை நீட்டிப் படம் எடுப்பதில் எனக்கு உடன்பாடே கிடையாது. தாய் மிரண்டால் கூட்டைக் கைவிட்டுவிடலாம். ஜன்னலுக்கு உள்ளே நின்றுதான் பார்க்கிறோம். வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 27
அடை தொடர்கிறது. புதிதாக எதுவும் இல்லை.

பிப்ரவரி 3
பொரித்துவிட்டது! பெட்டை அலகில் ஒரு குட்டிச் சிலந்தியோடு வந்தது. தேன்சிட்டு என்றாலும் குஞ்சு வாயில் போவது சிலந்தியும் சிறு பூச்சிகளும்தான், வளரப் புரதம் வேண்டுமே. ஆணும் இன்று இரை கொண்டுவந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 13
மதியம் செண்பகம், அதாவது செம்போத்து, வந்தது. முருங்கையிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து போர்டிகோ கிரில்லுக்கு. முட்டை, குஞ்சு எதையும் விடாத பறவை. சிட்டுகள் இரண்டும் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்து கைதட்டி விரட்டினார். செண்பகத்துக்கும் பசிதான், தெரியும். ஆனாலும் விரட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை.
அரை மணி நேரத்தில் ஆண் கூட்டைத் தொற்றிக்கொண்டு இரை ஊட்டியது. பிறகு குஞ்சின் எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாக அப்படியே கவ்விக்கொண்டு போய் மதிலுக்கு அப்பால் போட்டது. கூட்டுக்கு அடியில் தரை இன்றும் சுத்தம்.

பிப்ரவரி 20
ஒரு குஞ்சு காலையில், இன்னொன்று மதியத்துக்கு மேல். பொரித்துப் பதினேழு நாள் வாக்கில் பறக்கும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. இரண்டும் செம்பருத்தியில் ஒட்டி உட்கார்ந்து வாய் பிளக்கின்றன, அப்பன் ஊட்டுகிறது. இன்னும் சில நாள் இப்படித்தான். தாழ்வாகப் பறப்பதால் வண்டியை இப்போதைக்கு உள்ளே விடவில்லை. பழைய கூட்டையே மறுபடி எடுத்துக்கொள்வதும் உண்டு என்பதால் ஒயரையும் கழற்றப் போவதில்லை.